ஆள்காட்டி கத்திய பக்கம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒரு குழந்தை பெற்றோரின் கண்ணில் படாமல் நழுவிப்போய், கொஞ்ச நேரம் கழித்துக் கழிப்பறைக்குப் பின்னால் ஓணானைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். கிடைத்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடியதுதான் மிச்சம், எங்கே தொடங்குவது என்றே யாருக்கும் தெரியவில்லை என்றாள்.

"அக்கா, உங்க காலத்துல ஒருத்தர் காணாம போனாராமே, முருகேசண்ணன் சொன்னாரு. அப்ப என்ன பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன். இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறேன்."

எழுத உட்கார்ந்தேன். செய்முறை மட்டும் என்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எழுதிப் படித்துப் பார்த்தால் அதில் மனுஷர்களே இல்லை. அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். பிரியா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஏரியின் பெயரைச் சொல்லவில்லை. பெருங்களத்தூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில் இருக்கிறது என்பது போதும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். நடுவில் தண்ணீர், கோரை, தாமரை, மேற்குக் கரையில் சீமைக் கருவேலம். அதைப் பறவைகளுக்கான காப்பிடமாக்கி, கரைமேல் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டபோது என்னை அங்கே மாற்றினார்கள்.

அதற்கு முந்தின கதை சின்னது. அப்பா வனத்துறையில் வாட்சராக இருந்து வேலையில் இருக்கும்போதே இறந்தார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சியில் ஓடவிட்டார்கள், மரங்களின் பெயரை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், பாம்பைக் கண்டால் எப்படி நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். பிறகு பல வருடம் நாற்றங்காலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், ஆபீசில் பைல் கட்டினேன். ஏரிக்கு வந்த அன்று எனக்கு இரண்டு விஷயம் தெரியாது. ஒன்று, நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம். இன்னொன்று, சைக்கிள் ஓட்டுவது. வாடகை சைக்கிள்களுக்கும் சைக்கிள் பாதைக்கும் என்னைத்தான் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

எங்கள் ரேஞ்சர் ஞானசேகரன் சார். ஒல்லியான மனிதர், மெல்லத்தான் பேசுவார். நான் ஒவ்வொரு நாளும் காலை ரவுண்டை நடந்தே முடிப்பதைக் கொஞ்ச நாள் பார்த்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, விசிட்டர்கள் வருவதற்கு முன்னால் கிழக்குக் கரையில் யாரும் இருக்கக் கூடாது, அது ஒரு வாரத்துக்கு உங்களுக்கு மட்டும் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. முருகேசனையும் கூட்டிக்கொண்டு எதிர்க் கரைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் காக்கி உடுப்போடு கரையோரப் புதரில் விழுந்ததையும், ஒருமுறை சைக்கிளோடு தண்ணீருக்குள் இறங்கியதையும் கொக்குகள் மட்டும்தான் பார்த்தன. வாரம் முடிந்ததும் நான் சைக்கிளில் ரவுண்டு போனேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முருகேசன் எங்கள் வாட்சர். அனகாபுத்தூர்க்காரர். அடையாற்றில் வெள்ளம் வந்தால் அவர் வீட்டுக்குள்தான் முதலில் வரும் என்று பெருமையாகச் சொல்வார். வாய் ஓயாது. ஆனால் கரையில் நடந்தால் கால் சத்தமே கேட்காது.

காலை வேலைக்கு ஒரு வரிசை இருந்தது. சைக்கிள்களுக்குக் காற்று, பிரேக், மணி. பிறகு கரையைச் சுற்றி முதல் ரவுண்டு. விழுந்த கிளை, பிளாஸ்டிக் கவர், நாய். எல்லாவற்றையும்விட முக்கியம் நூல். பட்டம் விடுகிற மாஞ்சா நூல், தூண்டிலின் நைலான் நரம்பு, எது கோரையில் சிக்கிக் கிடந்தாலும் அதைச் சுற்றியெடுத்துப் பைக்குள் போட்ட பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும். காலில் நரம்பு சுற்றிய ஒரு நீர்க்காகத்தை ஒருதரம் கையில் பிடித்துப் பார்த்தால் இந்த விதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ரேஞ்சர் சாருக்குக் கோபம் வந்தால் கண்டுபிடிப்பது எளிது. மரியாதை கூடிவிடும். நம்மிடம் 'வாங்கம்மா' என்பவர், 'தயவுசெஞ்சு வந்தீங்கன்னா நல்லா இருக்கும்' என்பார். அப்படிச் சொன்னால் ஓடிவிட வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால், யாரால் நடந்தது என்ற பேச்சையே வேலை முடிகிறவரை எடுக்க விடமாட்டார். முதலில் சரிசெய்வோம், பிறகு பேசுவோம் என்பார். பிறகு பெரும்பாலும் பேசவும் மாட்டார்.

ஒரு கோடையில் சைக்கிள் பாதையின் ஓரத்துச் சரளைக் கல்லுக்கு நடுவில் ஆள்காட்டி முட்டையிட்டுவிட்டது. ஆள்காட்டி என்பது சிவப்பு மூக்கும் நீண்ட மஞ்சள் காலுமாகத் தரையில் நடந்து திரியும் பறவை. கூடு கட்டாது, வெறும் கல்லில் கல் மாதிரியே முட்டை வைக்கும். யாராவது கிட்டே வந்தால் மேலே எழும்பி, அந்த ஆளின் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக் காதைக் கிழிக்கிற மாதிரி கத்தும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். ரேஞ்சர் சார் அந்தப் பகுதியை அப்படியே கயிறு கட்டி மூடிவிட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் முருகேசனுக்கு ஒரு நாற்காலி. பறவை நாள் முழுக்க முருகேசனைப் பார்த்துக் கத்தியது.

"இன்னாக்கா இது, வாட்ச்மேனுக்கே வாட்ச்மேனா கீது" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் குஞ்சுகள் பொரிந்து ஓடிய அன்று கயிற்றை அவிழ்க்க மனசில்லாமல் கடைசியாக அவிழ்த்தவரும் அவர்தான்.

இனி சுந்தரமூர்த்தி சாரைப் பற்றி.

சேலையூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு காலனியில் வீடு. ஏரி காப்பிடமாகும் முன்பே பைனாகுலரோடு இங்கே வந்துகொண்டிருந்தவர். நாங்கள் பறவைகளின் படம் போட்டுப் பலகை வைத்தபோது, ஒரு பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று ரேஞ்சர் சாரோடு அரை நாள் விவாதம் செய்து, பலகையைக் கழற்ற வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் நண்பர்கள்.

அவர் மனைவி ராஜலட்சுமி அம்மா கூடவே வருவார். அவருக்குப் பறவைகள்மேல் ஒரு ஈடுபாடும் கிடையாது. எல்லாமே அவருக்கு வெள்ளைப் பறவை, கறுப்புப் பறவை, இரண்டும் கலந்த பறவை. கணவர் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் இவர் கைப்பையைத் திறந்து வேர்க்கடலை எடுத்து எனக்கும் ஒரு பிடி தருவார்.

சார் மாறிக்கொண்டு வருவது எனக்கு முதலில் தெரியவில்லை. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பார்த்தார் ஒருநாள். இன்னொரு நாள் கேட்டில் நின்று, இது எந்த ஊர் என்று முருகேசனிடம் கேட்டார். மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அம்மா என்னிடம் சொன்னபோது, சார் எங்களுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பறையில் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் அம்மா ஒன்று செய்ய ஆரம்பித்தார். பறவையைக் காட்டி வேண்டுமென்றே தப்பான பெயரைச் சொல்வார். கோரைக்குள் நீலமும் ஊதாவுமாக மேய்ந்துகொண்டிருக்கும் தாழைக்கோழியைக் காட்டி, அதோ பாருங்க காக்கா என்பார். சார் நின்றுவிடுவார்.

"காக்காவா? உன் கண்ணாடியை மாத்து லட்சுமி. தாழைக்கோழி அது. காலைப் பாரு, எவ்ளோ பெருசு."

பிறகு அதன் கால் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கம் தொடரும். வீட்டில் நாள் முழுக்க அவர் வாயே திறப்பதில்லை, தப்பாகச் சொன்னால்தான் திருத்துவதற்காகவாவது பேசுகிறார் என்று அம்மா என்னிடம் சொன்னார். தப்பாகச் சொல்ல வேண்டுமானால் சரியானது தெரிந்திருக்க வேண்டுமே. அதற்காக அவர் பறவைகளின் பெயர்களைப் புத்தகம் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். அந்த வயதில், அந்த ஈடுபாடில்லாத விஷயத்தை.

அது ஒரு வருடத்துக்கு மேல் பலித்தது. பிறகு ஒரு காலையில், சைக்கிள் ஷெட்டுக்கு எதிரே இருக்கும் ஆழமில்லாத தண்ணீரில் சங்குவளை நாரைகள் இரண்டு நின்றிருந்தன. அம்மா கையை நீட்டி, வாத்து வந்திருக்கு பாருங்க என்றார். சார் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"ஆமா, வாத்துதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மா நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாகப் போய் அவரோடு சேர்ந்துகொண்டார். நான் காற்று நிறைந்திருந்த டயருக்கு மறுபடியும் காற்றடித்தேன்.

அவர் காணாமல் போனது அதற்கு அடுத்த ஆவணியில். வெயில் சித்திரை போல அடித்த நாள். பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்காக மூங்கில் தட்டி வைத்து ஒரு குடில் கட்டியிருந்தோம். அதன் வாசல் பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனார். குழாயடி பக்கத்திலேயேதான். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.

முதலில் அவரே தேடியிருக்கிறார். பிறகு நடைபயிற்சிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தகவல் வந்தபோது கரை முழுக்க, சார், சார் என்று கூச்சல். நான் சைக்கிளில் குடிலுக்குப் போனேன். குடிலைத் தாண்டித் தண்ணீரை நோக்கி ஒரு மரப்பாலம் போகும். அதன் முனையில், தண்ணீருக்கு இரண்டு எட்டு முன்னால், அவருடைய செருப்புகள் ஜோடியாக, நேராகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

அதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டியதில்லை. அம்மாவும் பார்த்துவிட்டார். அவர் அழவில்லை. செருப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வேர்க்கடலை வைக்கும் அதே பைக்குள்.

ரேஞ்சர் சார் வந்தார். முதலில் கேட்டை மூடச் சொன்னார். முருகேசன், கேட்டைத் தாண்டி அவர் போகவில்லை, நான் அங்கேயேதான் இருந்தேன் என்றார். சரி, ரோட்டுப் பக்கம் இல்லை. ஒரு கவலை குறைந்தது. பிறகு அம்மாவிடம் குனிந்து மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக யார் பார்த்தது, எந்த இடத்தில், அப்போது அவர் முகத்தில் வெயில் அடித்ததா முதுகில் அடித்ததா.

அம்மா முதல் கேள்விக்கே உடைந்தார். நான் போயிருக்கக் கூடாது, ஒரு நிமிஷம்தான், என் தப்பு என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா" என்றார் ரேஞ்சர் சார். "வெயில் எங்க அடிச்சுது, அதை மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

முகத்தில் என்றார் அம்மா. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அப்படியானால் எழுந்தவர் வெயிலுக்கு முதுகைக் காட்டித்தான் போயிருப்பார், வழி தெரியாதவர்கள் கண் கூசுகிற பக்கம் நடப்பதில்லை என்றார் ரேஞ்சர் சார். காலை வெயில் கிழக்கு. அப்படிப் பார்த்தால் மேற்குக் கரை. விசிட்டர்கள் யாரும் போகாத, சேறும் கருவேலமும் மண்டிய பக்கம். செருப்பு இல்லாத கால். அவருக்குச் சர்க்கரை வேறு. வெயில் ஏற ஏற எங்களுக்கு நேரம் குறைந்துகொண்டு வந்தது.

மேற்குக் கரை சின்ன இடமில்லை. எங்கே நுழைவது? நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தீயணைப்புத் துறைக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலைத் தாண்டி வர வேண்டும். அப்போது ரேஞ்சர் சார் ஒன்று செய்தார். இன்றைக்கும் எனக்கு அதை நினைத்தால் ஆச்சரியம்தான். கரையில் கத்திக்கொண்டிருந்த எல்லோரையும் நிறுத்தச் சொன்னார்.

"தயவுசெஞ்சு எல்லாரும் நிக்கிற இடத்துலயே அமைதியா நின்னீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்."

நான் ஓடிப்போய் ஒவ்வொருவரையும் அடக்கினேன். ஒருவர், ஆள் உயிருக்குப் போராடும்போது சும்மா நிற்கச் சொல்கிறீர்களே என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரை அடங்கியது. ஏரியின் சத்தம் மெல்ல மேலே வந்தது. கோரையில் காற்று, எங்கோ ஒரு தவளை, தூரத்தில் லாரி. இவ்வளவு நேரம் எங்கள் கூச்சலில் ஏரி முழுக்கப் பறவைகள் கலவரமாகிக் கத்திக்கொண்டிருந்தன. அவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்து இறங்கின.

கொஞ்ச நேரத்தில் வடமேற்கு மூலையிலிருந்து ஆள்காட்டி கத்தியது. முருகேசன் பாய்ந்தார். கோரையை விலக்கிப் பார்த்தால் ஒரு நாய். அவர் அங்கிருந்தே கையை விரித்தார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இறுகிக்கொண்டே இருந்தது.

மறுபடி அமைதி. அதைத் தாங்குவது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு ஆள்காட்டி. இந்த முறை தென்மேற்கில், கருவேலத்துக்குப் பின்னால், தாமரைக் குட்டை பக்கம். ஒருமுறை கத்திவிட்டு நிற்கவில்லை. ஒரே இடத்துக்கு மேலே எழும்பி எழும்பி, சுற்றிச் சுற்றிக் கத்தியது. நாய் என்றால் நகரும், கத்தலும் கூடவே நகரும். இது நகரவில்லை. ரேஞ்சர் சார் என்னைப் பார்த்தார். நான் அதற்குள் கிளம்பியிருந்தேன்.

முள்ளுக்குள் குனிந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறினேன். விழுந்து கிடந்த ஒரு பனைமரத்தின்மேல், நிழலில், சுந்தரமூர்த்தி சார் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. இடது காலில் முள் கிழித்து ரத்தம். ஆள்காட்டி அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா. குஞ்சு வச்சிருக்கு."

பார்த்தேன். தாமரை இலைமேல் தாமரைக்கோழி ஒன்று நின்றது. நீளமான வால், கழுத்தில் பொன் நிறம். அதன் இறக்கைக்குக் கீழே ஏதோ குச்சிகள் தொங்கின. உற்றுப் பார்த்த பிறகுதான் அவை குஞ்சுகளின் கால்கள் என்று புரிந்தது. குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு, அது ஓர் இலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நடந்தது.

"அப்பன்தான் வளக்கும்" என்றார் சார், அதே வகுப்பறைக் குரலில், மிக மெதுவாக. "அம்மா முட்டை வச்சுட்டுப் போயிடும். இவன்தான் தூக்கிட்டுத் திரிவான்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ரேஞ்சர் சாருக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் எதிர்க் கரையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார், அங்கே நின்ற அம்மாவுக்குத் தெரிவதற்காக. பிறகு அவரும் வந்து சாரின் மறுபக்கம் உட்கார்ந்தார். கையைப் பிடித்து இழுக்கவில்லை, எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. மூன்று பேரும் தாமரைக்கோழியைப் பார்த்தோம். அது கோரைக்குள் மறைந்த பிறகுதான் பேசினார்.

"வீட்டுக்குப் போலாமா சார்? அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"லட்சுமி அம்மா."

சார் கோரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்குப் பறவைன்னா பிடிக்காது" என்றார். "நான் பாக்குறேன்னு கூட வருவா. பாவம், காலு வலிக்கும் அவளுக்கு."

சேற்றில் அவரை நடத்திக் கொண்டுவந்தோம். தண்ணீர் குடிக்க வைத்து, காலைக் கழுவி மருந்து போட்டு, டாக்டரிடம் காட்டினோம். கழுவியது அம்மாதான், பாட்டிலில் பிடித்த தண்ணீரைக் கொண்டே. அப்போது நான் சார் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. விரல் இடுக்கில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே, "தெரிஞ்சுதான் இருந்திருக்கா இவருக்கு" என்றார். பைக்குள்ளிருந்து செருப்பை எடுத்து மாட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மறுநாள் மேலதிகாரி ஒருவர் போனில் பேசினார். இப்படிப்பட்டவர்களை உள்ளே விட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது, இனி அனுமதிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ரேஞ்சர் சார் பேசியதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ரொம்ப நன்றி, நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான், கூட ஓர் ஆளைப் போட்டு அனுப்புகிறேன், பொறுப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்றார். மரியாதை அவ்வளவு கூடியிருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலைல ரெண்டாவது ரவுண்டு நீங்கதானே போறீங்க? இனிமே அவர் கூட போங்கம்மா."

அப்போ அம்மாவும் கூட வருவாங்களா சார் என்று கேட்டேன்.

"அந்த அம்மா கண்ணைப் பாத்தீங்களா? ராத்திரியெல்லாம் அவர் எழுந்து கதவைத் திறக்கப் பாக்குறாராம். அவங்க தூங்கியே மாசக்கணக்காச்சு. நீங்க அவரைக் கூட்டிட்டுப் போற நேரத்துல அவங்க தூங்கட்டும்."

நான் அதுவரை சுந்தரமூர்த்தி சாரைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முதல் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் நாங்கள் சுற்றிவிட்டு வந்தபோது, கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படி ஒரு தூக்கம். முருகேசன் கொஞ்ச தூரத்தில் நின்று நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார், சத்தம் வராமல், கையை மட்டும் ஆட்டி.

அப்படியே இரண்டு குளிர்காலம் போனது. சார் தினமும் என் பெயரைக் கேட்பார். மல்லிகா என்பேன். நல்ல பெயர் என்பார். நடப்பது சிரமமான பிறகு, வாடகைக்கு வைத்திருந்தவற்றில் இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். நான் முன்னால், அவர் பின்னால். பெயர்கள் எல்லாம் போய்விட்டிருந்தன, ஆனால் கால் பெடலை மறக்கவில்லை. சில நாள் நான் சும்மா இருக்க, அவரே மிதித்து என்னை ஓட்டிக்கொண்டு போவார். பறவைகளின் பெயரை நான் சரியாகவே சொல்லிக்கொண்டு போவேன். கூழைக்கடா, சார். நத்தைக்குத்தி நாரை, சார். அவர் ம், ம் என்பார், ஒரு மாணவன் ஒழுங்காக ஒப்பிக்கும்போது ஆசிரியர் சொல்வது போல.

பிறகு குளியலறையில் விழுந்தார். படுக்கையில் கொஞ்ச நாள் இருந்தார். ஒரு தை மாதத்தில் போய்விட்டார். நானும் முருகேசனும் சேலையூர் வீட்டுக்குப் போனோம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்த ரேஞ்சர் சாரும் வந்திருந்தார். கூட்டத்தில் யாரோடும் பேசாமல் அம்மாவின் எதிரில் நாற்காலியைப் போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, கரைக்கு வாங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை அம்மா கேட்டில் வந்து நின்றார். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகன் வந்து கூடவே இருக்கிறான், நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், வேலையும் ஒன்றுமில்லை, நாள் முழுக்கப் படுக்கலாம், ஆனால் கண்ணை மூடினால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றார். கதவு திறக்கிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறதாம்.

"நீ ரவுண்டு போயிட்டு வாம்மா. நான் இங்க கொஞ்சம் உக்காந்திருக்கேன்" என்றார்.

நான் சுற்றி வந்தபோது அவர் வேப்பமரத்தடி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பை தலைக்குக் கீழே. காலிலிருந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வெயில் ஏறி, காலை நேரம் முடிகிற சமயம். எங்கள் இடத்தில் காலை நேரம் முடிந்ததும் விசில் ஊதுவது வழக்கம். கரை முழுக்கக் கேட்கும், எல்லோரும் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். முருகேசன் விசிலை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பெஞ்சையும் ஒருதரம் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கரையைச் சுற்றி நடந்துபோய், ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்.